சாக்பீஸில் போட்ட கட்டில்

கல்யாணமாகி வந்த புதிதில் நாங்கள் இருவரும் சாக்பீஸ் கோட்டுக்குள் படுத்துத் தூங்கினோம். இப்போது சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கோட்டுக்குள் வந்த தூக்கம் அதற்குப் பிறகு எந்த மெத்தையிலும் எனக்கு வாய்க்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவை கணபதியில் ஒரு லைன் வீடு. ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், எங்களுடையது கடைசி. முன்னால் கூடம், பின்னால் சமையல்கட்டு, நடுவில் படுக்கையறை என்று பெயருக்கு ஒன்று. அதன் குறுக்கே நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் ஏறக்குறைய விரலுக்கு எட்டிவிடும். ஒரு கோடியில் கதவு, இன்னொரு கோடியில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு காலி மனை, அதற்கு அப்பால் பம்பு கம்பெனியின் கூரை. மேற்கே பார்த்த ஜன்னல் என்பதால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் நேராக உள்ளே வந்து சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும். கண்ணை மூடி நின்றால் அறை எங்கேயோ நகர்ந்து போவதுபோல இருக்கும். கண்ணைத் திறந்தால் மறுபடியும் பீரோவும் அண்டாவும்தான்.

என் சீர் சாமான் மொத்தமும் அந்த அறைக்குள்தான் அடைந்து கிடந்தது. ட்ரங்குப் பெட்டி, பித்தளைப் பாத்திரங்கள், அரிசி டிரம், விரித்தே பார்க்காத ஜமக்காளம். சீரில் கட்டில் வேண்டாம், வைக்க இடமில்லை என்று என் மாமியாரே சொல்லிவிட்டிருந்தார். கட்டிலோடு சேர்ந்து என் தையல் மெசினும் பெரியநாயக்கன்பாளையத்தில் என் அப்பா வீட்டிலேயே நின்றுபோனது. கட்டில் வராததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மெசின் வராததில்தான் வயிறு எரிந்தது. அதை மிதித்து மிதித்து என் கால் அந்தத் தாளத்துக்கே பழகியிருந்தது. ஊரில் பாதிப் பெண்கள் என் கையால் தைத்த ஜாக்கெட்டைத்தான் போட்டார்கள். இங்கே வந்து, மதியம் சமையல் முடிந்தபின், உட்கார்ந்த இடத்தில் என் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும். கீழே மிதிக்க ஒன்றுமில்லாமல்.

ஒருநாள் தைரியம் வந்து மாமியாரிடம் கேட்டேன்.

“அத்தெ, மெசினை எடுத்துட்டு வந்துரட்டுங்களா?”

“வெக்கறதுக்கு எடம் எங்க அம்மணி?” என்றார். பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். “அதுவுமில்லாம அந்தச் சத்தம். வயசெல்லாம் மில்லுச் சத்தத்துலயே கெடந்தவ நானு. ஊட்டுலயாவது கொஞ்சம் கம்முனு இருக்கட்டும் கண்ணு.”

அவர் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். மில்லை மூடியதிலிருந்து வீட்டில் இருந்தார். பகலும் சரி, இரவும் சரி, அவர் நன்றாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. கூடத்தில் பாயில் படுத்திருப்பார், கண் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். “தூங்கலீங்களா?” என்று கேட்டால், “தூக்கம் எங்க சாமி வருது” என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

அம்மணி, கண்ணு என்று சொல்லி மறுப்பவரோடு எப்படிச் சண்டை போடுவது? எங்கள் பக்கத்தில் கோபத்தைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் காட்ட வேண்டும். என் கோபமெல்லாம் பாத்திரத்தின் மேல் போனது. அந்த வருடம் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளத்த மாதிரி கணபதியில் வேறு எந்த வீட்டிலும் பளபளத்திருக்காது.

என் வீட்டுக்காரர் பாத்திரச் சத்தத்தைக் கேட்டே விஷயத்தைப் புரிந்துகொண்டார். அவர் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்பவர். பம்பின் உடம்பை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால், அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அந்த மரத்தை மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். மரம் தப்பினால் இரும்பு தப்பும். அதனால் மனிதர் எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை அளப்பார். எனக்குத் தாலி கட்டும்போதுகூட முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார் என்று என் தங்கை இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

“எடம் இல்லீன்னா என்ன அம்மணி, பண்ணிக்கலாம்” என்றார் அவர். “கட்டில் ஒண்ணு போட்டு, தரையில கெடக்கற அத்தனையும் அதுக்கடியில தள்ளிப்போட்டா ஜன்னலோரம் காலியாயிரும். அப்பறம் எடம் இல்லீன்னு அம்மாவால சொல்ல முடியுமா?”

அன்றிலிருந்து கட்டில் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மெசின் சத்தம் கேட்டது. எல்லோரும் படுப்பதற்குக் கட்டில் தேடுவார்கள். நான் உட்கார்ந்து மிதிப்பதற்குத் தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டில் பார்க்கப் போனோம். உக்கடம் பக்கம் ஒரு முஸ்லிம் பாயின் மரச்சாமான் கடையில் பகலில் சோபா, ராத்திரி கட்டில் என்று ஒன்று வைத்திருந்தார்கள். பாய் அதை ஒரே இழுப்பில் விரித்தும் ஒரே தள்ளலில் மடக்கியும் காட்டினார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மண்டியிட்டு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “கீல் தாங்காதுங்க பாய்” என்றார். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். “தங்கச்சி, கட்டில மடக்கிப்புடலாம். உங்க ஊட்டுக்காரரை மடக்க முடியாதும்மா” என்று சொல்லி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

நைலான் நாடா போட்ட மடக்குக் கட்டில் பார்த்தோம். அது வேண்டாமென்று அத்தை சொல்லிவிட்டார். பகலெல்லாம் கட்டிலைச் சுவரோடு நிறுத்தி வைப்பது நல்ல வீட்டுக்கு ஆகாதாம். சுவரிலேயே கீல் போட்டு மாட்டிவிட்டு, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரருடைய சிநேகிதர் ஒருவர் யோசனை சொன்னார். அதைக் கேட்டு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கையெடுத்துக் கும்பிட்டோம். ஏனென்றால் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் முன்வீட்டிலேயே குடியிருந்தார். சுவரில் ஆணி அடிக்கிற சத்தம் எந்த மூலையில் கேட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். வருகிறவர் திட்டவும் மாட்டார். “ஏனுங்க, சொவுத்துக்கு வலிக்குமுங்களே” என்பார், அவ்வளவுதான். அதற்குப் பயந்து எங்கள் காலண்டரே ஜன்னல் கம்பியில் தொங்கியது.

கடைசியில் என் வீட்டுக்காரரே கட்டிலைச் செய்வதென்று முடிவானது. அங்கேதான் சாக்பீஸ் வந்தது.

இவர்கள் தொழிலில் மரத்தைத் தொடுவதற்கு முன்னால் பலகையில் முழு அளவுக்குப் படம் போடுவார்கள். குட்டிப் படம் போட்டுக் கணக்குப் பார்க்கிற பேச்செல்லாம் கிடையாது, சாமான் எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய படம். அந்தப் பழக்கத்தில் எங்கள் அறையின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் கட்டிலை வரைந்தார். சாமான்களைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டுக் கோட்டுக்குள் பாய் விரித்துப் படுத்துப் பார்க்க வேண்டும். நீளவாட்டில் போட்டால் எப்படி, கதவோரம் தள்ளினால் எப்படி, தலை எந்தத் திசைக்கு, கால் எங்கே இடிக்கும், எல்லாம் படுத்தே தெரிந்துகொள்ள வேண்டுமாம். அறையில் அவர் முதலில் வரைவது கட்டிலை அல்ல, ஜன்னலுக்குக் கீழே மெசினுக்கான கட்டத்தை. அதன் பக்கத்தில் நான் உட்கார ஒரு சின்ன வட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்களை எப்படிச் சொல்வது! வெறும் தரைதான். ஆனால் கோட்டைத் தாண்டிக் கை போனால் “விழுந்துருவ அம்மணி” என்று இழுத்துக்கொள்வார். தண்ணீர் குடிக்க எழுந்தால் கோட்டின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கவிடுகிற மாதிரி பாவனை செய்துவிட்டுத்தான் இறங்குவேன். காற்று உள்ளே வரும். பாயும் தரையும் மறந்துபோகும். நாங்கள் உயரத்தில் படுத்திருப்பதாகவும், கீழே அண்டாவும் ட்ரங்குப் பெட்டியும் தூங்குவதாகவும் இருக்கும். அரைத் தூக்கத்தில் ஜன்னலோரம் பார்ப்பேன். வெறும் கட்டத்துக்கு மேலே என் மெசினின் கழுத்தும் சக்கரமும் தெரியும். சத்தியமாகத் தெரியும். ஊசி ஏறி இறங்கும். நான் சந்தோஷமாக இருந்தேன். இல்லாத கட்டிலில் படுத்து, இல்லாத மெசினைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் அத்தை ஈரத்துணி போட்டுத் துடைத்தால் எல்லாம் போய்விடும். “நோம்பிக்குக் கோலம் போடற மாதிரி வாரத்துக்கு ஒரு கட்டில் போடறீங்க ரெண்டு பேரும்” என்பார். நான் மெசின் கட்டத்தை மட்டும் சாயங்காலம் மறுபடி போட்டுவைப்பேன். அதை அவர் காலையில் மறுபடி துடைப்பார். இது எங்களுக்குள் சத்தமில்லாமல் நடந்த யுத்தம்.

ஒருவழியாக ஒரு கட்டில் நிலைத்தது. நீளவாட்டில் போட்டால் கட்டில் ஜன்னல் வரைக்கும் ஓடிவிடுகிறது, மெசினுக்கு இடமே இல்லை. அதனால் கதவு பக்கத்துக் கோடியில், அறையின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் அடைத்த மாதிரி போட்டுவிடுவது. கதவு வெளிப்பக்கம் திறப்பதால் கட்டில் அதற்கு இடிக்காது, கட்டில் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஜன்னலோரம் வந்துவிடலாம். கட்டிலின் கால்களை உயரமாக வைத்தால் அண்டா முதற்கொண்டு அடியில் போய்விடும். இரண்டு சுவரோரமும் கால்கள் உள்ள சட்டங்களை நிறுத்தி, நடுவில் நீளச் சட்டத்தை மேலிருந்து இறக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

“செருகுனாப்புல உக்காரும் பாரு. ரெண்டு நூல் எடைவெளிதான் விட்டிருக்கறேன்” என்றார். நூல் என்றால் தச்சு வேலையில் அங்குலத்தை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. கம்பெனியில் வேலை முடிந்தபின் உட்கார்ந்து வேப்ப மரத்தில் செய்தார். நான் பெரியநாயக்கன்பாளையத்துக்குச் சொல்லியனுப்பி மெசினுக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டெம்போவில் கட்டில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. இரண்டு கால் சட்டங்களையும் சுவரோரம் நிறுத்தினோம். நீளச் சட்டத்தை நான் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாகத் தூக்கி இறக்கினோம். என் பக்கத்துக் கொக்கி டக்கென்று உட்கார்ந்தது. அவர் பக்கத்துக் கொக்கி இறங்கவில்லை. கால் சட்டத்தில் அதற்கென்று வெட்டின வாய்க்கு வெளியே, சுண்டு விரல் அகலத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. தட்டிப் பார்த்தார். கால் சட்டத்தைச் சுவரோடு அழுத்திப் பார்த்தார். சுவர் நகருமா?

டேப்பை எடுத்து அறையை அளந்தார். சரியாக இருந்தது. சட்டத்தை அளந்தார். அவர் முகம் செத்துவிட்டது. பைக்குள் கைவிட்டு ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து, டேப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்னாச்சுங்க?”

“பேட்டர்ன் ஸ்கேல்ல அளந்துபோட்டேன் அம்மணி.”

உருக்கிய இரும்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் மரப் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியாது என்று, அங்குலமே கொஞ்சம் நீண்டிருக்கும்படி ஒரு தனி ஸ்கேல் வைத்திருப்பார்கள். வருடக்கணக்காக அந்த ஸ்கேலைப் பிடித்த கை, கட்டிலுக்கும் அதையே எடுத்துவிட்டது. கோவையைத் தவிர வேறு எந்த ஊர்க்காரன் இரும்பு சுருங்குகிற கணக்கில் கட்டில் செய்வான்?

“ஏனுங்க, ஆறுச்சுன்னா சுருங்குமுங்களா?” என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. “கொக்கியக் கழட்டி, சட்டத்த அறுத்து, மறுபடி பதிக்கோணும். கம்பெனிக்குத்தான் கொண்டுபோகோணும். இந்த மாசம் வேலை தலைக்கு மேல கெடக்குது. இப்போதைக்கு நீளவாட்டுலயே போட்டுக்கலாம்.”

இப்போதைக்கு! அந்த வார்த்தையை எனக்குத் தெரியும். என் அப்பா வீட்டில் இப்போதைக்கு என்று வைத்த தகரக் கதவு நான் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அங்கேயே இருந்தது. நீளவாட்டில் கட்டில் ஒரு தடவை போட்டாகிவிட்டால் அதன் அடியில் சாமான் போகும், மேலே மெத்தை வரும், பிறகு பிள்ளை வரும். ஜன்னலோரம் மெசின் என்ற பேச்சு அதோடு மண்ணாகிப் போகும். நான் நாளெல்லாம் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கிழவியாகிவிடுவேன்.

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. அவருடைய உளிப் பை திறந்து கிடந்தது. யாரும் தொடக் கூடாத உளிகள். இருப்பதிலேயே பளபளப்பானதை எடுத்தேன், சுத்தியலை எடுத்தேன், கட்டில் கால் நிற்க வேண்டிய இடத்தில் சுவரில் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தேன். காரை பெயர்ந்து விழுந்தது.

“ஐயோ அம்மணி!” என்று எழுந்து ஓடிவந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த உளியை மெதுவாக வாங்கிக்கொண்டு, பையைத் துழாவி, முனை மழுங்கின ஒரு பழைய உளியை எடுத்து நீட்டினார். “அது நல்ல உளி. இதுல அடி.”

அழுதுகொண்டே சிரித்தேன். இரண்டாவது அடி வைத்தபோது முன்வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வீட்டுச் சொந்தக்காரர் எழுந்துவிட்டார். நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம்.

அத்தை அறை வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கீழே விழுந்த காரையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், ஜன்னலுக்குக் கீழே நான் போட்டிருந்த சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்தார். நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். போச்சு, இனி அவர் வாயிலும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

கடகடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. கிரைண்டர்! அன்றைக்கு அரைக்க வீட்டில் அரிசி ஊறவில்லை, உளுந்து ஊறவில்லை. வெறும் தண்ணீரை ஊற்றி, கல்லும் கல்லும் உரசுகிற மாதிரி கிரைண்டரை ஓடவிட்டிருந்தார். வீடே அதிர்ந்தது.

“ஏனுங்க, ஞாயித்துக்கெழமை மத்தியானத்துல மாவாட்டறீங்களா?” என்று முன்னாலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் குரல் கேட்டது.

“ஆமாங்க, ஒரம்பரை வாராங்க!” என்று அத்தை அதற்கு மேல் கத்தினார். எனக்குத் தெரிந்து அன்றைக்கு எந்த விருந்தாளியும் வருவதாக இல்லை. பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு வந்து, நான் கொத்துகிற இடத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு குந்தினார். “ம், அடி கண்ணு. காரை கீழ விழுந்தா சத்தம் கேக்கும், நான் புடிச்சுக்கறேன்.”

நான் அடித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தம் வேண்டாம், சத்தம் வேண்டாம் என்று சொன்ன மனுஷி, வெறும் கல்லை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்கு நடுவில் முறம் பிடித்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

“மெசின் வேண்டாம்னு சொன்னீங்களே அத்தெ” என்று கேட்டேவிட்டேன்.

“சொன்னேன்” என்றார். “ஆனா நீ கால ஆட்டிக்கிட்டே உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியல. மில்ல மூடுன பொறகு என்ற கையும் இப்பிடித்தான், அந்து போன நூல முடியறாப்புல தானா ஆடிக்கிட்டே கெடந்துச்சு.”

கொக்கி இறங்கியது. என் வீட்டுக்காரர் சொன்னபடியே கட்டில் செருகினாற்போல் உட்கார்ந்தது. கால் நின்றதில் கொத்தின குழியும் மறைந்தது. அத்தை அன்று சாயங்காலமே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, வராத ஒரம்பரைக்காக நிஜமாகவே மாவாட்டி, மறுநாள் வீட்டுச் சொந்தக்காரருக்கு இட்லி கொடுத்தனுப்பினார். “ஒரம்பரையெல்லாம் போயிட்டாங்களா?” என்று அவர் விசாரித்தாராம்.

அந்த வாரமே மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு டெம்போவில் என் மெசின் வந்தது. சாக்பீஸ் கட்டத்தின் மேலேயே வைத்தோம், கோடு பிசகவில்லை. லைன் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக ஜாக்கெட் துணியோடு வந்தார்கள்.

ஒரு மதியம். காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் தைத்துக்கொண்டிருந்தேன். அத்தை அறைக்குள் வந்து, “கூடத்துல புழுக்கமா இருக்குது” என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கியிருந்தார். கண் கூரையைப் பார்க்கவில்லை. நான் வந்த நாளிலிருந்து அவர் அப்படித் தூங்கி அன்றுதான் பார்த்தேன். சத்தம் எழுப்பிவிடப் போகிறதே என்று பதறிப்போய்ச் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

உடனே முழித்துக்கொண்டார்.

“ஏன் கண்ணு நிறுத்திப்போட்டே?”

“நீங்க தூங்கறீங்கன்னுதானுங்க அத்தெ.”

“சத்தம் நின்னா முழிப்பு வந்துருது” என்றார் தூக்கக் குரலில். “மில்லுல அந்தச் சத்தத்துல நின்னுக்கிட்டே தூங்குனவ நானு. மிதி சாமி, மிதி.” சொல்லிக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கையில் இருந்த துணி தீர்ந்திருந்தது. வெட்டி வைத்ததும் வேறு ஒன்றும் இல்லை. ஊசியிலிருந்து நூலைக் கழற்றினேன். துணியை அழுத்துகிற பாதத்தைத் தூக்கிவிட்டேன். சாயங்காலம் அவர் தானாக எழுந்திருக்கிற வரைக்கும் வெறும் மெசினை மிதித்துக்கொண்டிருந்தேன்.